கசிவும் ஒழுக்கும் கக்கலும்: பழைய மையூற்றுப் பேனாவைப் பழுதுபார்த்தல்

மையூற்றுப் பேனா என்ற பெயரிலேயே ஊற்று இருக்கிறது. நிப்பின் பிளவு வழியே மை இடையறாது சுரந்து தாளில் இறங்க வேண்டும் என்பதற்காகவே அமைந்த கருவி அது. ஆகவே 'பேனா ஒழுகுகிறது' என்னும் புகார், அது தன் தொழிலைச் செய்யத் தகாத நேரத்திலோ தகாத இடத்திலோ செய்கிறது என்பதற்கு மேல் எதையும் தெரிவிப்பதில்லை. பழைய பேனாக்களைச் சீராக்குவதில் பரவலாகக் காணப்படும் பிழை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மை கசிந்தவுடன் ஓட்டையைத் தேடி அடைப்பதே பழுதுநீக்கம் என்று கருதி, கண்ணில் பட்ட இடுக்குகளையெல்லாம் பசையால் நிரப்பியபின், பேனா கசிவதோடு எழுதுவதையும் நிறுத்திவிடும்போதுதான், மை வெளியே வர வேண்டுமானால் அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும் என்ற பள்ளிக்கூட அறிவியல் நினைவுக்கு வருகிறது.

பேனாவின் உடலுக்குள் மை நிற்பதற்குக் காரணம், அதற்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதாகும். ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள மைத்தூணைத் தாங்குவதற்கு இந்த வேறுபாடு வளிமண்டல அழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்கு இருந்தாலே போதும். நிப்பின் அடியில் அமர்ந்திருக்கும் கறுப்புக் கட்டையில் நீளவாக்கில் கீறப்பட்ட மெல்லிய வாய்க்கால்கள் நுண்புழை ஈர்ப்பால் மையை முனைக்குக் கொண்டுவருகின்றன. மை குறையக் குறைய அதே கட்டையின் வழியாகக் காற்றுக்குமிழிகள் மேலேறுகின்றன. இப்படி மையும் காற்றும் எதிரெதிர்த் திசையில் ஒரே வழியில் நடமாடும் அமைப்பை நம்பகமாகச் செயல்படச் செய்தது 1884இல் அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மன் பெற்ற காப்புரிமை. அதற்கு முன்பே, 1827இல், ருமேனியரான பெட்ராக்கே போயனாரு பிரான்சில் ஒரு பேனாவுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்றாலும், சீரான ஓட்டம் என்பது வாட்டர்மனுக்குப் பின்னரே கைகூடியது. ஒப்பந்தத்தாளில் மை கொட்டியதால் வாடிக்கையாளரை இழந்து, அந்த ஆத்திரத்தில் அவர் புதிய பேனாவைக் கண்டுபிடித்தார் என்ற கதை விளம்பரங்களின் வழியே பரவியது. வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதை நம்புவதில்லை. ஆயினும் பேனாவைப் பற்றி உலகம் விரும்பிச் சொல்லும் கதையே ஓர் ஒழுகலைப் பற்றியதாக இருப்பது பொருத்தம்தான்.

தமிழில் இந்தக் கோளாற்றுக்குக் கசிதல், ஒழுகுதல், கக்குதல் என்று மூன்று வினைகள் வழங்குகின்றன. பேச்சில் மூன்றும் ஒன்றுக்கொன்று மாறி வந்தாலும், பழுதுபார்ப்பவருக்கு இவை மூன்று வேறு நோய்களைக் குறிக்கக்கூடியவை. இணைப்புகளிலும் மயிரிழை விரிசல்களிலும் மெதுவாக ஈரம் பரவுவது கசிதல்; உள்ளழுத்தம் அறவே கெட்டுப்போய் மை நிற்காமல் இறங்குவது ஒழுகுதல்; நன்றாக எழுதிக்கொண்டிருந்த பேனா திடீரென்று ஒரு துளியைத் தாளில் போட்டுவிட்டு, மறுபடி ஒன்றும் நடவாததுபோல் எழுதுவது கக்குதல். எந்த வினை பொருந்தும் என்று முடிவு செய்யாமல் பேனாவைக் கழற்றத் தொடங்குவது வீண் வேலை.

சென்னையின் தியாகராய நகர் இந்த ஆய்வுக்கு ஏற்ற களமாக அமைவதற்குச் சில காரணங்கள் உண்டு. நீண்ட ஏரி எனப்பட்ட மாம்பலம் பகுதி நீர்ப்பரப்பை வடித்து 1920-களில் உருவாக்கப்பட்டு, நீதிக்கட்சித் தலைவர் பி. தியாகராய செட்டியாரின் பெயரைத் தாங்கிய இந்தக் குடியிருப்பு, மையூற்றுப் பேனா மேசைகளை ஆண்ட காலத்திலேயே வளர்ந்தது. பாரிமுனையில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையிலுள்ள ஜெம் அண்ட் கோ என்னும் பேனாக்கடையும் ஏறக்குறைய இந்தக் குடியிருப்பின் வயதையே உடையது. அலுவலர்களும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் குடியேறிய வீடுகள், பனகல் பூங்காவைச் சுற்றிய பள்ளிகள், தீனதயாளு தெருவிலும் கண்ணதாசன் சாலையிலும் பின்னர் நிலைபெற்ற பதிப்பகங்கள் ஆகிய எல்லாவற்றிலும் கையெழுத்துப் படிதான் வேலையின் அடிப்படையாக இருந்தது. அந்த வீடுகளின் மேசை இழுப்பறைகளில் இன்று கிடைக்கும் பேனாக்கள் ஒரே குலத்தவை அல்ல. ராஜமுந்திரியில் கடைந்த எபொனைட் என்னும் கடின ரப்பர்ப் பேனாக்கள், திருவள்ளூர் ரங்கா பேனாக்கள், ஜெம் கடையின் காமா, வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பார்க்கர், பிற்காலத்துச் சீன ஹீரோ என்று ஒவ்வொன்றும் வேறு வகையில் மை நிரப்பப்படுவது. எனவே வேறு வகையில் கெடுவது.

இரண்டாவது காரணம் தட்பவெப்பம். எபொனைட் பேனாக்களில் தனியாக மைப்பை கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லர் என்று மாணவர்கள் அழைத்த கண்ணாடிக் குழலால் மையை நேரே உடலுக்குள் விடுவது வழக்கம். இந்த எளிமையே அதன் பலவீனமும் ஆகும். உடல் மூன்று மில்லிலிட்டர் கொள்ளும் என்றும், அதில் ஒரு மில்லிலிட்டர் மையே மிஞ்சியிருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், எஞ்சிய இரண்டு மில்லிலிட்டரும் காற்று. குளிரூட்டிய துணிக்கடையில் 25 டிகிரியில் இருந்த பேனா, மே மாதப் பிற்பகலில் உஸ்மான் சாலைக்கு வந்து சட்டைப்பையில் 35 டிகிரியை எட்டும்போது, வாயு விதிப்படி அந்தக் காற்று 3.4 விழுக்காடு விரிய வேண்டும். ஆனால் மையின் மேலுள்ள காற்று உலர்ந்த காற்றல்ல. வெப்பம் ஏறும்போது அதில் நீராவியும் கூடுகிறது. அதையும் சேர்த்தால் விரிவு ஏறத்தாழ 6 விழுக்காடு ஆகிறது. இரண்டு மில்லிலிட்டருக்கு இது 0.12 மில்லிலிட்டர், அதாவது இரண்டு துளிக்கும் சற்று மேல். அந்த அளவு மை வெளியே தள்ளப்பட்டே தீரும். பேனா நிறைந்திருந்து காற்று அரை மில்லிலிட்டர் மட்டுமே இருந்தால் வெளியேறுவது அரைத்துளிதான். கட்டையின் பக்கங்களில் சீப்புப் பற்கள்போல் வெட்டியிருக்கும் வரிகள் அதைத் தாங்கி வைத்துக்கொண்டு, பேனா ஆறியதும் திருப்பி உள்ளே விட்டுவிடும். நிறைகுடம் தளும்பாது என்ற பழமொழி இந்தப் பேனாவுக்கு அறிவியல் விதியாகவே பொருந்துகிறது.

கக்கும் பேனாவில் பெரும்பாலும் பழுது எதுவும் இல்லை என்பதே இக்கணக்கிலிருந்து பெறப்படுவது. உள்ளழுத்தத்தின் சமநிலை குலைவதற்கு ஒரு டிகிரி வெப்ப உயர்வே போதும் என்பதால், எழுதுபவரின் உள்ளங்கைச் சூடும் பேனாவுக்கு வெயில்தான். எபொனைட்டைத் தடித்த சுவராகக் கடைந்ததற்கும், மரக்கட்டைபோல் பருத்த உடல் விரும்பப்பட்டதற்கும் பிடிமானம் மட்டும் காரணமல்ல. ரப்பரில் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூட்டில் இறுக்கிச் செய்யப்படும் இந்தப் பொருள் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. இத்தகைய பேனாவுக்கான மருந்து, மை பாதியாகுமுன் மீண்டும் நிரப்புவதும், மூடியைத் திறக்கும்போது நிப்பை மேல்நோக்கிப் பிடிப்பதுமே. இதற்காகப் பழுதுபார்ப்பவரிடம் பேனாவைக் கொடுத்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். கழுவித் துடைத்து 'சரியாகிவிட்டது' என்று திருப்பிக் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். நிரம்பிய மையோடு கொடுத்திருந்தால் அந்தச் சொல் சில நாட்கள் உண்மையாகவும் இருந்திருக்கும்.

உண்மையான பழுதைக் கண்டறிவதில் மாடி வீட்டில் வாழ்பவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஐப்பசி மழையில் கூரையில் ஈரம் பூக்கும் இடத்துக்கு நேர்மேலே வெடிப்பு இருப்பதில்லை என்பதை அவர்கள் அறிவார்கள். பேனாவிலும் ஒழுகும் இடம் வேறு, ஓட்டை வேறு. உடலின் வால்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், அதன் வழியே புகும் காற்று உள்ளழுத்தத்தைக் கெடுத்து, மை நிப்பின் வழியாக இறங்கிவிடுகிறது. நிப்பைக் குற்றம் சொல்லி அதை மாற்றியபின்னும் ஒழுக்கு நிற்பதில்லை. ஆகவே மைக்குப் பதிலாகக் குளிர்ந்த நீரை முக்கால் பங்கு நிரப்பி, வெளிப்புறத்தை ஈரமின்றித் துடைத்து, மெல்லிய தாள் விரித்த தம்ளரில் ஓரிரவு நிப் கீழாகவும், அடுத்த இரவு நிப் மேலாகவும், மூன்றாம் இரவு படுக்கைவாட்டிலும் வைத்துப் பார்ப்பது நல்லது. நிப் மேலாக நிற்கும்போது வால் நனைந்தால் விரிசல் அங்கே. படுத்திருக்கும்போது கழுத்தின் விளிம்பு நனைந்தால் இணைப்பில் குறை. கீழாக நிற்கும்போது மட்டும் முனையில் துளி சேர்ந்தால் கட்டையையோ காற்றுப் புகும் வேறு வழியையோ ஐயுற வேண்டும். மூடியின் உட்புறத்தில் மட்டும் மைக்கறை தென்பட்டு இந்த மூன்று இரவுகளிலும் தாள் உலர்ந்தே இருந்தால், அது குலுக்கலால் நேர்ந்தது; பேருந்தில் பயணம் செய்யும் எந்தப் பேனாவுக்கும் அது உண்டு.

கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் உள்ள திருகு வரிகளுக்கு மரை என்று பெயர். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் கழற்றிப் பூட்டுவதால் மரை தேய்கிறது. தேய்ந்த மரையில் மை நுண்புழை ஈர்ப்பாலேயே ஏறி, எழுதுபவரின் விரல்களில் நீல வளையமாகப் படிகிறது. இந்தக் கசிவுக்குத்தான் வீட்டு வைத்தியங்கள் மிகுதி. கழுத்தில் நூல் சுற்றிப் பூட்டுவது நீண்டகால வழக்கம். மெழுகு பூசாத நூல் விளக்குத்திரிபோல் மையை உறிஞ்சி வெளியே கொண்டுவந்துவிடும் என்பதோடு, தடித்துச் சுற்றினால் உடலின் வாயை உள்ளிருந்து நெம்பி வெடிக்கவும் வைக்கும். குழாய் வேலைக்காரர்களின் டெஃப்லான் நாடாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு சுற்றுக்கு மேல் ஆகாது. மெழுகுவத்தியைத் தேய்ப்பது மார்கழியில் பலன் தரும், சித்திரையில் இளகிவிடும். சோப்பைத் தேய்ப்பது மேலும் கெடுதல், ஏனெனில் மையில் கரையும் சோப்பு அதன் பரப்பு இழுவிசையைக் குறைத்து, முன்பு நிப்பில் ஒழுங்காக நின்ற மையையும் பரவி வழியச் செய்கிறது. தேங்காயெண்ணெய் சென்னையின் சூட்டில் பெரும்பாலும் உறைவதில்லை. மரையிலிருந்து நழுவிக் கட்டையின் வாய்க்கால்களில் படிந்து மை ஒட்டாதபடி செய்துவிடும். நகப்பூச்சில் உள்ள கரைப்பான் செல்லுலாய்டு உடலையே கரைக்கும். ஃபெவிக்விக் இட்டு ஒட்டினால் கசிவு நிச்சயம் நிற்கும். பிறகு அந்தப் பேனாவில் மை நிரப்புவது எப்படி என்பது மட்டும் விடை காணாத வினாவாக எஞ்சும்.

இவ்வளவுக்கும் ஏற்ற பொருள் சிலிக்கோன் கிரீஸ். நீரில் கரையாது, வெயிலில் உருகாது, மீண்டும் கழற்றத் தடையாகாது. கழுத்தின் பக்கமுள்ள இரண்டு மூன்று மரைகளில் மட்டும் கடுகளவு தடவினால் போதும். உட்பக்க முனைவரை பூசினால் அது மையோடு கலந்து கட்டையை அடைக்கும். பெட்ரோலிய ஜெல்லி கையில் கிடைப்பதால் அதைப் பயன்படுத்துவோர் உண்டு. எபொனைட்டில் அது உடனடியாகத் தீங்கு செய்வதில்லை என்றாலும், மென்ரப்பர் பையோ வளையமோ உள்ள பேனாவில் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். மரை அறவே தேய்ந்துவிட்டால் பூச்சுகளால் பயனில்லை. அப்போது கடைசல் எந்திரத்தில் புதிய கழுத்து செய்துகொள்வதே வழி. கையால் கடையப்பட்ட எபொனைட் பேனாவின் பெரிய நன்மை இதுவே: அச்சில் வார்த்த பேனாவுக்கு உதிரிபாகம் தீர்ந்தால் ஆயுள் தீர்ந்தது, கடைந்த பேனாவுக்கோ கடையத் தெரிந்த கை ஒன்று இருக்கும்வரை உதிரிபாகம் உண்டு.

நிப்புக்கும் கட்டைக்கும் இடையில் விழும் இடைவெளி அடுத்த காரணம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் தென்கோடிவரை எழுதிய பேனாக்களுக்கு நிப் தந்த ஊர் சாத்தூர். குடிசைத் தொழிலாகச் செழித்த அந்த நிப்புகள் மலிவாகக் கிடைத்ததால், தேய்ந்ததைப் பிடுங்கிப் புதியதைச் செருகுவது பள்ளி மாணவர்களுக்கே கைவந்த வேலையாயிற்று. ஆனால் நிப்பின் வளைவும் கட்டையின் வளைவும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் நடுவே மை குளமாகத் தேங்கும். பேனாவை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்து, இடையில் ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பார்த்தால் இது விளங்கும். எபொனைட் கட்டையாயின், கொதிநிலையை நெருங்கிய நீரில் நிப்போடு சேர்த்துச் சில நொடிகள் அமிழ்த்தி எடுத்து, இளகியிருக்கும்போதே கட்டைவிரலால் நிப்பை நோக்கி அழுத்தி ஆறவிட, அது நிப்பின் உருவத்தை ஏற்றுக்கொள்ளும். பிளாஸ்டிக் கட்டைக்கு இம்முறை ஆகாது. எபொனைட் உடலையும் வெந்நீரில் போடலாகாது, ஏனெனில் பழைய எபொனைட் தன் கருமையை இழந்து பழுப்பேறிவிடும். முனைக்கு மருந்தாவது உடலுக்கு நஞ்சு.

பார்க்கர், ஷீஃபர் போன்ற பழைய வெளிநாட்டுப் பேனாக்களில் ஒழுக்குக்கு முதற்காரணம் உள்ளிருக்கும் ரப்பர் பை. 1910-களில் ஷீஃபர் பரப்பிய நெம்புகோல் முறையில் பக்கவாட்டுத் தகடு இந்தப் பையை நசுக்கி விடும்போது மை உறிஞ்சப்படுகிறது. இயற்கை ரப்பர் காற்றின் ஆக்சிஜனால் மூப்படையும். சில பைகள் நத்தைக்கூடுபோல் இறுகி நொறுங்கும், சில பிசின்போல் உருகி உடலின் உட்சுவரில் ஒட்டும். இதைச் செப்பனிட வழியில்லை, மாற்ற வேண்டும். உலர்ந்த வெப்பத்தால் கழுத்தை இளக்கி மெதுவாகத் திருகி எடுத்து, பழைய பையைச் சுரண்டிவிட்டு, புதிய பையை ஒட்டுவதற்கு உலகெங்கும் பழுதுபார்ப்பவர்கள் நாடுவது அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளின் மரக்கிளைகளில் பூச்சிகள் சுரக்கும் இந்தப் பிசின் சாராயத்தில் கரையும், நீரில் கரையாது, மிதமான சூட்டில் இளகும். மையைத் தடுத்து நிறுத்தும் அதே ஒட்டு, அடுத்த தலைமுறைப் பழுதுபார்ப்பவருக்கு வழிவிடவும் செய்கிறது. இக்காலத்து உறுதிமிக்க பசைகள் அனைத்தும் தோற்பது இந்தக் கடைசிப் பண்பில்தான். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும் என்பதால், வத்திக்குச்சியால் சூடேற்றிக் கழற்றும் பழைய வழக்கத்தை அடியோடு விலக்க வேண்டும்.

இங்கு ஒரு விலக்கும் உண்டு. 1941இல் வெளிவந்த பார்க்கர் 51, 1948 முதல் ரப்பருக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் செயற்கைப் பையைப் பெற்றது. எழுபது ஆண்டு கடந்தும் அது பெரும்பாலும் கெடுவதில்லை. நிப்பை மறைத்த கூட்டுக்குள் அகன்ற மைத்தேக்கி இருப்பதால் அது கக்குவதும் அரிது. பழையது என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பிரித்துப் பையை மாற்றுவது, நல்ல பல்லைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும். இதன் தோற்றத்தைப் பின்பற்றிய ஹீரோ 616 போன்றவற்றில் கூடு மெலிந்த பிளாஸ்டிக் ஆனதால் விளிம்பில் விரிசல் விடுவது உண்டு; அவற்றின் விலையைக் கருதினால் வேறொரு ஹீரோவிலிருந்து கூட்டைக் கழற்றிப் பொருத்துவதே அறிவுடைமை. 1929இல் பெலிக்கன் தொடங்கிவைத்த உந்துதண்டு முறையின் பழைய மாதிரிகளில் தக்கை வளையம் உலர்ந்து சுருங்கி மை பின்புறம் ஏறும். தக்கையை மெழுகில் ஊறவைத்துப் புதிதாக இடுவது நுட்பமான வேலை, வீட்டில் முயலத்தக்கதல்ல.

மையின் பங்கும் குறைவானதன்று. சென்னையிலேயே தயாரான பிரில் போன்ற சாயமைகள் நீரில் கரைபவை. அவை காய்ந்து படிந்தாலும் கழுவினால் போகும். ஓவியர்களின் கறுப்பு மையில் பிசின் இருப்பதால் அது வாய்க்கால்களை நிரந்தரமாக அடைத்து, மை தன் இயல்பான வழியை விட்டு வேறு இடுக்குகளைத் தேடச் செய்கிறது. மை தீரும் நேரத்தில் சிறிது நீர் கலந்து ஒப்பேற்றுவது வகுப்பறைச் சிக்கனம். ஆனால் கெடாமல் காக்கும் மருந்து நீர்த்துப்போவதால், கடலோர ஊரின் ஈரத்தில் அந்த மையில் பூஞ்சை இழைகள் வளரும்.

இத்தனை நுட்பங்களும் ஒரு காலத்தில் ஏட்டில் எழுதப்படாமல் பேனா விற்றவர்களின் கைகளிலேயே இருந்தன. விற்பனையும் பழுதுபார்ப்பும் ஒரே மேசையில் நடந்ததால், எந்தப் பேனா எப்படிக் கெடும் என்பது விற்பவருக்குத் தெரிந்திருந்தது. சென்னை நிறுவனம் ஒன்று தயாரித்த ரெனால்ட்ஸ் பந்துமுனைப் பேனா பள்ளிப் பைகளை நிறைத்தபின் அந்த மேசையின் வருவாய் வற்றியது; கொல்கத்தாவின் எஸ்பிளனேடில் பேனா ஆஸ்பத்திரி என்ற பெயரிலேயே ஒரு கடை இருப்பதுபோல் தியாகராய நகரில் எதுவும் நிலைக்கவில்லை. பழைய பேனாக்களைச் சேகரிப்போர் மூலப் பாகங்களை மாற்றலாகாது என்பதும், எழுதுவதற்காகவே பேனா வைத்திருப்போர் எழுதினால் போதும் என்பதும் இன்றுள்ள விவாதம். இதில் இரு தரப்பையும் சமமாக மதிக்க இயலாது. பை, வளையம், கிரீஸ் ஆகியவை தேய்வதற்கென்றே வைக்கப்பட்டவை; அவற்றை மாற்றுவதால் பேனாவின் மூலத்தன்மைக்குக் குறைவில்லை. உடலையும் கழுத்தையும் நிரந்தரமாக ஒட்டிவிடுவதுதான் மூலத்தன்மையை அழிப்பது, அது எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

பழுது தீர்ந்ததா என்பதற்கு மேசைமேல் செய்யும் சோதனை போதாது. பேனாவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மை விட்டு, மூடியைத் திருகி, பழைய சட்டையின் பையில் வைத்துக்கொண்டு, குளிரூட்டிய கடை ஒன்றில் கால்மணி நேரமும், அங்கிருந்து ரங்கநாதன் தெரு நெரிசலின் வழியே மாம்பலம் ரயில் நிலையம் வரையிலும் கத்திரி வெயிலில் நடந்து, படிக்கட்டின் நிழலில் நிப்பை மேல்நோக்கிப் பிடித்து மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். கழுத்து உலர்ந்திருந்து, கட்டையின் வரிகளுக்கிடையில் மட்டும் மை பளபளத்தால் பேனா தேறிவிட்டது.